சேனை வைத்த விரல்

என் பேரனுக்கு நான் கொடுத்த முதல் பரிசு, என் நகச்சுத்தியின் சீழ். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பத்தியில் சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது?

போன மாதம் மகளுக்குப் பிரசவம். பிறந்த குழந்தையின் நாக்கில் சீனித்தண்ணீரைத் தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேனை வைப்பது என்பார்கள். கறம்பக்குடியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள் என்னைத்தான் கூப்பிட்டார்.

"நீங்க வைங்கண்ணே. ஒங்க படிப்பு புள்ளைக்கு வரட்டும்."

யாருக்குத்தான் தலை கனக்காது?

வலது ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி பழுத்திருந்தது. மனைவி பார்த்துவிட்டு, வேண்டாம் என்றாள். நானோ வாசித்தவன்! ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சிப்பாய்களைப் போலத் திரிகின்றன, கிருமிகளை விழுங்குகின்றன, விழுங்கிச் செத்தவைதான் சீழ், பேரனிடமும் அந்தப் பட்டாளம் உண்டு – என்று ஒரு பிரசங்கம் செய்தேன். விரலை வேட்டியில் துடைத்தேன். வைத்தும் விட்டேன்.

மூன்றாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை. தெர்மாமீட்டர் வைத்தேன்... காய்ச்சல் இல்லை. தூங்குகிறான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

"ஒடம்பு சில்லுனு இருக்குப்பா" என்றாள் மகள். அந்தக் குரலைக் கேட்டதும் வண்டி பிடிக்க ஓடினேன்.

டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ரத்தத்தில் கிருமி கலந்திருக்கலாம், பிழைப்பது கஷ்டம் என்றார். காய்ச்சலே இல்லையே? பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தே தீரும் என்றில்லையாம். வெள்ளை அணுக்கள் இல்லையா? நிறைய இருக்கின்றனவாம். பிறகு?

"இருக்கு சார். எங்கிட்டுப் போகணும், யாரைப் பிடிக்கணும்னு அதுக்கு இன்னும் சரியாத் தெரியலை."

ஏன் தெரியவில்லை? டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கும் தெரியவில்லை. என் விரல்தான் காரணமா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் விரலில் வீணாகச் செத்துக்கொண்டிருக்கும் சிப்பாய்களில் நாலு பேரை அவனுக்கு அனுப்ப வழியுண்டா என்று கேட்டேன். என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

புதிதாக வந்திருக்கும் சல்பா மருந்து. கறந்த தாய்ப்பால், சொட்டுச் சொட்டாக. எனக்குத் தொட அனுமதியில்லை, வாசற்படியோடு சரி. விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு நின்றேன். ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில், ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி அழுதான். பசியாம்.

என்ன புரிந்தது எனக்கு? பட்டாளம் இருக்கிறது, ஆனால் சண்டை தெரியாது. நோய் இருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை. ஒன்றும் புரியவில்லை என்பதுதான் புரிந்தது.

சம்பந்தியம்மாள் ஊருக்குப் புறப்படும்போது என் விரலை ஒருமுறை பார்த்தார்.

"அடுத்த புள்ளைக்கு, வாசிக்கத் தெரியாத ஆளாப் பாத்து வைக்கச் சொல்லுவோம்ணே."