குதிரைக்குத் தராத தண்ணீர்

நிலாவெளியில் அப்பா வேலை செய்த ஹோட்டல் பூட்டப்பட்டபோது, மற்றவர்கள் கட்டில், மின்விசிறி என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பா குதிரையைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரரை ஏற்றிக் கடற்கரையில் நடந்து நடந்தே கிழடாகிப்போன குதிரை அது. கந்தளாயில் மாட்டுப்பட்டி வைத்திருந்த கூட்டாளியிடம் அதை விடுவதாக ஏற்பாடு. லொறிக்காரர் ஒருவரும் ஏற்றமாட்டோம் என்றதால், பள்ளிக்கூட விடுமுறையில் நின்ற என்னை முன்னால் இருத்திக்கொண்டு அப்பா குதிரையிலேயே புறப்பட்டுவிட்டார். அம்மா ஏசினது தெருமுனை வரைக்கும் கேட்டது.

திருகோணமலைப் பட்டினத்தில் எங்களுக்கு ராஜமரியாதை. துறைமுகப் பக்கம் பொடியன்கள் ஃபோனில் படம் பிடித்தார்கள். சாப்பாட்டுக் கடை நானா எங்களுக்கு ரோல்ஸும் குதிரைக்கு வாழைப்பழமும் தந்தார். பக்கத்துக் கடைக்காரர், குதிரை தன் வாசலில் லத்தி போட்டதற்காகத் வாசல் கூட்டும் தும்புத்தடியோடு துரத்தி வந்தார்.

அது மழை பொய்த்த வருடம். கந்தளாய் வீதியில் போகப் போகப் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. குதிரை வாயில் நுரை தள்ளிக் காலை இழுத்து இழுத்து நடந்தது. தண்ணீர் குடிக்காவிட்டால் இது போய்ச் சேராது என்று அப்பா இறங்கி நடக்கத் தொடங்கினார். வீதியை விட்டு உள்ளே, ஒரு கிராமத்தில் அவருடைய அக்கா தனியாக இருந்தார். எனக்கு மாமி.

எங்களைக் கண்டதும் மாமி அழுதேவிட்டார். குதிரையைப் படலைக்கு வெளியே கட்டச் சொல்லிவிட்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தண்ணீர் சேர்த்து வைக்கும் தகரப் பரலில் கிடந்த தண்ணீரை அள்ளித் தலையில் வார்த்தார். “இன்னும் ஒரு வாளி, மாமி” என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் வார்த்தார். குசினியில் எங்களுக்காகச் சோறு வெந்துகொண்டிருந்தது.

“அக்கா, குதிரைக்கு ஒரு வாளி தண்ணி தா.”

“ஏலாது தம்பி. மனுசருக்குச் செய்வன். அந்தச் சனியனுக்கு என்னால சேவகம் செய்ய ஏலாது.”

“நீ ஒண்டும் செய்ய வேண்டாம், நானே அள்ளுறன்.”

மாமி ஓடிப்போய்க் கிணற்றை மறித்துக்கொண்டு நின்றார். “என்ட கிணத்தில கை வைக்காத!”

அப்பா சோறு வடிக்கும் முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தலை துவட்டக்கூட நேரமில்லை. குதிரை கழுத்தை நீட்டி என் ஈரப் பின்னலை நக்கு நக்கென்று நக்கியது. என்னில் அதற்கு எவ்வளவு பாசம் என்று நான் சிரித்தேன்.

ஒழுங்கையில் திரும்பும்போது மாமி வீட்டுக் கிணற்றடியிலிருந்து ‘டணார்’ என்று ஒரு சத்தம்.

“அப்பா, மாமி கோவத்தில வாளியைத் தூக்கி எறியிறா.”

“எறியட்டும்.”

கடைசியில் வீதியோர முகாமில் ஓர் ஆமிக்காரர்தான் தன் தண்ணீர்த் தாங்கியைத் திறந்து குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். முகாம் பக்கம் முகம் திருப்பாத அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். குதிரை கந்தளாய் போய்ச் சேர்ந்தது. ‘கூடப்பிறந்தவள் தராத தண்ணியை ஆமிக்காரன் தந்தான்’ என்று அப்பா வருகிற போகிறவருக்கெல்லாம் சொன்னார். கதை மாமியின் காதுக்கும் போனது. அவர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் பிறகு கதைக்காமலே மாமி செத்துப்போனார்.

போன வறட்சிக்கு, உப்புவெளியில் என் வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டேன். தண்ணீரில் விழவில்லை. அடிக்கல்லில் மோதி ‘டணார்’ என்றது. அப்படியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அப்பாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எவருக்கும் சொல்வதில்லை.

நெடுநாளைக்குப் பிறகு வந்த தம்பியிடம் வீட்டில் தண்ணீர் இல்லை என்று சொல்ல மாமிக்கு வாய் வரவில்லை. அதைவிடக் கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நாங்கள் படலையைத் தாண்டியதும், ஊறியது ஏதும் கிடைக்குமா என்று அந்த வற்றிய கிணற்றில் வாளியை விட்டுப் பார்த்திருக்கிறார். குதிரையின் மேல், மாமியின் கடைசித் தண்ணீர் தலையிலிருந்து சொட்டச் சொட்ட இருந்த எனக்கு, மாமி பொல்லாதவ என்பது மட்டும்தான் விளங்கியிருந்தது.