இடது தூண் பூச்சரம்

லுமூட் படகுத்துறையில் ஃபெரி ஏறி உட்கார்ந்ததும் தூங்க ஆரம்பித்த தினேஸ்வரி, பங்கோர் தீவில் இறங்கி, வேனில் ஏறி, விடுதிக் கட்டிலில் விழுந்து, மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினாள். இடையில் ஏறியதும் இறங்கியதும் கால்கள் தாமாகப் பார்த்துக்கொண்ட காரியம். புது மாப்பிள்ளை பவித்ரன் பக்கத்தில் உட்கார்ந்து கடலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தேனிலவுக்கு வந்தவன் கதி இப்படியா என்று யாராவது கேட்டிருந்தால், "பாவம், தூங்கட்டும் லா" என்றிருப்பான். தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கிறவன். அவசரப்பட்டால் பெயிண்ட் வழியும் என்று தெரிந்தவன்.

அவள் தூக்கத்திலும் நியாயம் இருந்தது. கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? தினேஸ்வரி ஈப்போ வட்டாரத்தில் பாதிப் பேருடைய கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்தவள். புந்தோங்கில் அவள் வீட்டு முன்னால் கார் நிறுத்த இடம் கிடையாது; மணவறைத் தூண்களும், ஜோடி யானைகளும், பிளாஸ்டிக் வாழை மரங்களும்தான் நிற்கும். அப்பா சதாசிவம் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு, மணவறை ஜோடிக்கும் ஓர் அக்காவிடம் இவள் வேலைக்குப் போனாள். அந்த அக்கா கோலாலம்பூருக்கு மாறியபோது தூண்களை இவளிடம் விட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஊரெல்லாம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கும், இவள் மட்டும் தூண் நேராக நிற்கிறதா என்று பார்ப்பாள்.

தன் கல்யாணத்தையாவது வேறு ஆளிடம் கொடுத்திருக்கலாம். கொடுப்பாளா? "என் மணவறைய இன்னொருத்தர் கட்டினா சிரிக்க மாட்டாங்க?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்துவிட்டாள். பத்திரிகை, பந்தி, மேளம், ஐயர், பந்தலுக்கு அனுமதி என்று மாதக்கணக்கில் ஓடினாள். கடைசியில் நலுங்கு வைத்த சாயங்காலம், முகத்திலும் கையிலும் மஞ்சளும் எண்ணெயும் வழிய, லாரி ஓட்டும் சீனி அண்ணனோடு மண்டபத்துக்குக் கிளம்பினாள். அம்மா மாரியம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"மஞ்சப் பூசுன பொண்ணு படி தாண்டலாமாடி? யாராச்சும் கண்ணு வெச்சா என்னா பண்ணுவ?"

"ரெண்டு சரம்தாம்மா பாக்கி. தோ வந்துர்றேன்."

ஏணியில் ஏறி இடது தூணின் உச்சியில் மல்லிகைச் சரத்தைக் கட்டியது அவளேதான். எண்ணெய்க் கை, முடிச்சு வழுக்கியது. இறுக்கியதாக நினைத்துக்கொண்டு இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் கட்டிய எந்த முடிச்சும் அவிழ்ந்ததில்லை. மணவறைக்காரிக்கு வழுக்காத கை, மணப்பெண்ணுக்கு வழுக்கிவிட்டது.

காலையில் ஓமப்புகை கண்ணைக் கரித்தது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. பவித்ரன் குனிந்தான். அந்த நேரம் பார்த்து, அவன் தோளுக்குப் பின்னால், இடது தூணில் சரம் மெல்ல நழுவுவதை அவள் கண்டாள். எதிர்ப்பக்கம் நின்ற சீனி அண்ணனுக்குக் கண்ணாலேயே ஜாடை காட்டினாள். அவர் பதறிப்போய்த் தூணுக்குப் பின்னால் புகுந்து சரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்பாடா என்று மூச்சு விட்டபோது தலையில் அட்சதை விழுந்துகொண்டிருந்தது. அவன் போட்ட முதல் முடிச்சும், நாத்தனார் போட்ட மற்ற முடிச்சுகளும் எல்லாம் முடிந்திருந்தன. ஊரே பார்த்த தன் கல்யாணத்தைப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான். அதை ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை.

தூங்கி எழுந்த பிறகு தீவு அவளைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டது. யாரும் போன் செய்யவில்லை. பால் விடாத தே ஓ தேநீர் குடித்தார்கள், வறுத்த மீன் சாப்பிட்டார்கள், மரத்தடியில் விரித்த பாயில் கிடந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் இருவாய்ச்சிப் பறவைகள் விடுதியின் கைப்பிடிக் கம்பியில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. "பாத்தியா, எங்காங். நம்ம கல்யாணத்துக்கு லேட்டா வந்த சொந்தக்காரங்க" என்றான் பவித்ரன். அவள் சத்தமாகச் சிரித்தாள். தன் சிரிப்பு இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு கடலில் இறங்கினார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக, அலையே இல்லாமல், இடுப்பைச் சுற்றிச் சும்மா அசைந்துகொண்டிருந்தது. வானமும் கடலும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. மஞ்சள் கயிறு நனைந்து கழுத்தில் ஒட்டிக் கிடந்தது. உடம்புக்குக் கனமே இல்லாதது போல அவள் கண்ணை மூடி நின்றாள்.

"ஒன்னு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது" என்றான் பவித்ரன்.

"சொல்லுங்க."

"தாலி கட்டுறப்ப வெச்ச கண்ணு வாங்காம என்னையே பாத்தியே. கண்ணெல்லாம் தண்ணி." அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அம்மா போனப்புறம் பத்துகாஜா ஊருல சின்னம்மா வீடு, அப்புறம் மாமா வீடுன்னு வளந்தவன் நான். சோறு போட்டாங்க, கொற சொல்லக் கூடாது. ஆனா என்னை அப்புடி யாரும் பாத்ததில்ல, தினேஸ். அது போதும் எனக்கு."

அந்த வெதுவெதுத் தண்ணீரில் அவளுக்குக் குளிர் எடுத்தது. ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா சிரித்தால் போதும். நல்ல மனிதன், நல்ல சாயங்காலம். இதைக் கெடுக்க எந்தப் பைத்தியக்காரிக்கு மனம் வரும்? ஆனால் இவன் இதை மறக்கப்போவதில்லை. கல்யாண நாள்தோறும் சொல்வான், பிள்ளைகளிடம் சொல்வான். சொல்லும்போதெல்லாம் தான் தலையைக் குனிந்து சிரிக்க வேண்டியிருக்கும். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் உங்களப் பாக்கலங்க" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நலுங்கு எண்ணெய், வழுக்கிய முடிச்சு, ஓமப்புகை, சீனி அண்ணன், ஒன்று விடாமல் சொன்னாள். "தாலி எப்ப ஏறுச்சின்னே எனக்குத் தெரியாதுங்க. நெனச்சி நெனச்சிப் பாக்குறேன், ஒன்னும் வர மாட்டேங்குது."

பவித்ரன் கரைக்கு நடந்தான். ஈர மணலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் தண்ணீரிலேயே நின்றாள். சூரியன் கடலைத் தொட்டு, ஆரஞ்சு நிறம் அவள் கைவரை மிதந்து வந்தது. இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. போய்ப் பக்கத்தில் உட்காரவும் பயமாக இருந்தது.

சூரியன் பாதி முங்கியதும் அவனே திரும்பினான்.

"அந்தச் சரம் என் தலைக்கு நேராத்தான இருந்திச்சி?"

"ஆமாங்க."

"என் மேல விழுந்துரும்னு பயந்திருப்ப. அதான் பாத்திருக்க. அப்புடித்தானே?"

அவன் குரல் கெஞ்சியது. அவளுக்காக அவனே ஒரு வழியைத் திறந்துவைத்தான். தலையை ஆட்டினால் போதும், இரண்டு பேரும் பிழைத்துக்கொள்ளலாம்.

"இல்லங்க" என்றாள் தினேஸ்வரி. "உங்கள நெனைக்கவே இல்ல. பூ விழுந்தா போட்டோவுல அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன்."

பவித்ரன் அவளையே பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் பதறி ஓடி வந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"அலமாக்! இதுக்குக்கூட ஒரு பொய்யி சொல்ல மாட்டியா?"

"வரலங்க."

"வலிக்குது லா" என்றான். மணலைக் கையால் தட்டி அவளுக்கு இடம் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். "ஆனா ஒன்னு. இதுக்கே பொய்யி சொல்லாதவ, இனிமே நீ என்னா சொன்னாலும் நான் நம்பிக்கலாம்."

பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் சொன்னது "சரி" என்ற ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு இருவரும் பேசியதெல்லாம் கல்யாண வேலை. தினேஸ்வரி ஈரத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது, ஒரு புருவத்தில் மணல் ஒட்டியிருந்தது.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு" என்றாள்.

அவன் நம்பினான்.