எதிரெதிரே இரண்டு குழாய்கள்

முதலியார்பேட்டை ஜெயத்துக்குத் தன் ஞாபகசக்தி மேல் அப்படியொரு கர்வம். இருக்காதா பின்னே? அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடிக்கிடந்த நாளில், புத்தகம் வாங்க வழியில்லாமல், கூடப் படித்தவர்களின் நோட்டை ஒரு தரம் பார்த்தே லேப் டெக்னீஷியன் பரீட்சையில் தேறியவள். டாக்டர் இராமதாஸின் பல் மருத்துவமனையில் சேர்ந்து ஒன்பது வருஷம். "ரத்தம் எடுக்கற குழாய்ல பேர எழுதும்மா" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "எனக்குத் தெரியாதா சார்?" என்பாள். தெரியத்தான் செய்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த வைத்தியம் அங்கே புதுசு. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கியவரின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, உடனே மெஷினில் சுழற்றவேண்டும். பன்னிரண்டு நிமிஷத்தில் குழாயின் நடுவே இளமஞ்சளாக ஒரு கட்டி திரண்டு நிற்கும். திசுவை வளரத் தூண்டும் காரணிகள் அதில்தான். ஈறைத் திறந்து, கரைந்த பள்ளத்தில் அதை வைத்துத் தைத்துவிடுவார் டாக்டர். அவரவர் ரத்தம் அவரவருக்கு, அதுதான் முதல் விதி. மெஷின் ஆடாமல் சுற்ற, எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொரு குழாய் வேண்டும். ஜெயம் எப்போதும் தண்ணீர்க் குழாய்தான் வைப்பாள். தண்ணீர் எது, ரத்தம் எது என்று யாருக்குக் குழம்பப்போகிறது?

அன்றைக்குப் பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும் என்று அறிவிப்பு. இன்வெர்ட்டர் விளக்கைத் தாங்கும், மெஷினைத் தாங்காது. ஆபரேஷனோ இரண்டு. முதலில் தெயோ, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; பிரெஞ்சு மரியாதையில் எல்லோருக்கும் 'முசியே'. அடுத்து, பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் கலியபெருமாள். தெயோவுக்கு நரம்பு சிக்காமல் மூன்று தரம் குத்தினாள். "பட்டாளத்துல கூட நான் இவ்ளோ குத்து வாங்கலம்மா" என்றார், பாதி சிரிப்பும் பாதி கடுப்புமாக. நேரம் ஓடுகிறதே என்ற பதற்றத்தில் கலியபெருமாள் ரத்தத்தையும் அப்போதே எடுத்து, இரண்டு பேர் குழாயையும் எதிரெதிரே வைத்துச் சுழற்றிவிட்டாள். இடது தெயோ, வலது கலியபெருமாள். மனசில் எழுதியாயிற்று.

ஒன்பது நாற்பதுக்கு மெஷின் நின்றது. மூடியைத் திறந்து, தெயோவின் குழாயை எடுக்கக் கை நீட்டினாள். சுற்றி நின்ற சக்கரத்தில் இடது ஏது, வலது ஏது? இரண்டு குழாயிலும் ஒரே சிவப்பு, ஒரே மஞ்சள்.

"ஈறத் தொறந்தாச்சு ஜெயம், கொண்டா" என்றார் டாக்டர் உள்ளேயிருந்து.

ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் ஒருவர் ரத்தம் இன்னொருவர் எலும்புக்குள் போகலாம், அதில் என்ன வியாதி இருக்கிறதோ. மூன்று குத்தையும் வாங்கிக்கொண்டு நகராமல் நீட்டியிருந்த தெயோவின் கை நினைவுக்கு வந்தது. இப்படி யோசித்ததற்கே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. வெறுங்கையோடு உள்ளே போனாள்.

"சார், எது யாருதுன்னு தெரியல. ரெண்டையும் ஒண்ணா போட்டுட்டேன். பேரு எழுதல."

டாக்டர் கத்தவில்லை. "ரெண்டையும் கொட்டிடு" என்றார். பிறகு தெயோவிடம் குனிந்து, "முசியே, இது இல்லாமயும் தைக்கலாம். பல்லு நிக்கும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது" என்றார்.

தெயோ கடிகாரத்தைப் பார்த்தார். மற்றக் கையின் சட்டையைச் சுருட்டி அவளிடம் நீட்டினார்.

மன்னித்துவிட்டார் என்று நினைத்தாள் ஜெயம். கண் நிறைந்துவிட்டது. முதலில் குழாயில் பேரை எழுதினாள். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. ஊசியை உருவும்போது, மரத்த வாயால் அவர் மெதுவாகச் சொன்னார்: "நீ வந்து சொன்னது சரி. ஆனா இனிமே நீ என்னத் தொட வேணாம்மா. வேற யாராவது வரட்டும்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

எதிரே தண்ணீர்க் குழாயை வைத்து, மெஷின் நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். தெயோவின் கட்டி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. வெளியே பெஞ்சில், குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார் கலியபெருமாள். அடுத்த வாரம் வரச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏம்மா, என் ரத்தம் சரியில்லியா?"

"உங்க ரத்தத்துக்கு ஒண்ணுமில்லண்ணே" என்றாள் ஜெயம். "நான்தான் சரியில்ல."