கழிவு போகப் புலியின் எடை

பினாங்குத் துறைமுகத்தில் பாக்குக் கிடங்கு ஒன்றில் முப்பது வருஷம் நிறுவைக் கணக்கு எழுதும் கிராணியாகக் காலம் தள்ளியவனுக்கு எதைப் பார்த்தாலும் கழிக்கத்தான் தோன்றும். சாக்கு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, அடியில் போட்ட மண் எவ்வளவு. வீட்டில் சோற்றுப் பானையைத் தூக்கினாலும் கை அதைத்தான் பார்க்கும். "உங்ககூடப் பேசுறதே அலுப்பு" என்பாள் என் சம்சாரம். எனக்கே அலுப்புதான்.

ஒருநாள் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், எதிர்க்கரையில் பத்து காவான் என்கிற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து தொங்கான் படகில் ஒரு புலி வந்து இறங்கியது. காலையில் தோட்டத்துத் துரை சுட்டது. மூங்கிலில் கட்டி எட்டுப் பேர் சுமந்து வந்தார்கள். பாக்கு நிறுக்கிற எங்கள் மேடைத் தராசில் ஏற்ற வேண்டுமாம். நானூறு ராத்தலுக்குக் குறையாது என்று துரை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். சுட்டவர் சொல்கிற எடையை நான் நம்புவதில்லை. பல்லைப் பார்த்துப் பயந்தவர் கண்ணுக்கு எல்லாப் புலியும் நானூறுதான்.

புலிக்குப் பின்னாலேயே ஒரு பெண் இறங்கினாள். இருபது வயசுகூட இருக்காது. நெற்றி வெறுமையாக இருந்தது, கழுத்தில் தாலி கிடந்தது.

கூட வந்த கங்காணி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நேத்து விடியக்காலையில பால் வெட்டப் போன இவ புருஷன் திரும்பலை, கிராணி. கத்தியும் வாளியும் மரத்தடியில கிடந்துச்சு. புலி அடிச்சிருக்கும்னு லயத்து வீடுகள்ல பேச்சு. தாலிய வைக்கிறதா எடுக்கிறதான்னு தெரியாம கூடவே வந்துருச்சு."

தராசு முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. தராசு சரியில்லை என்றார் துரை. போதாததற்கு நான் மூங்கில், கயிறு, நனைந்த சாக்கு என்று முப்பத்தொன்றைக் கழித்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். வயிறு உப்பிக் கிடந்தது. தின்றதெல்லாம் புலியின் எடையாகாது, அதையும் எடுத்து நிறுக்க வேண்டும் என்றேன். அந்தப் பெண்ணுக்காகச் சொன்னேன் என்றால் பொய். துரை மேல் எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். தோல் கெடுவதற்குள் எப்படியும் உரிக்கத்தானே வேண்டும் என்று அவரும் சம்மதித்தார்.

வயிற்றைக் கீறியதும் அந்தப் பெண் கிட்டே வந்து குந்திக்கொண்டாள். யாரும் அவளை விலக்கவில்லை. நாற்றத்துக்கு நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன், அவள் பொத்தவில்லை. தோல் உரிக்கிறவர் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கறி, காட்டுப் பன்றியின் முள் மயிர், இரண்டு குளம்பு. துணி ஒரு நூல்கூட இல்லை. அத்தனையும் வாரி நிறுத்தேன். முப்பத்தெட்டு. புலிக்கு மிஞ்சியது இருநூற்று நாற்பத்து மூன்று.

"துரையோட புலி இளைச்சுப் போச்சுலா" என்றார் என்னோடு மூட்டை ஏற்றுகிறவர். நான் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்காமலே துரை போய்விட்டார். பிறகு வெளியில் நானூறு என்றே சொல்லிக்கொண்டார் என்று கேள்வி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

"நல்ல சேதிதானம்மா. எங்கயாவது இருப்பான், வந்துருவான். பொட்டு வச்சுக்க" என்றார் கங்காணி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. துறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நாகப்பட்டணத்துக் கப்பல் எப்பப் போச்சு?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து நின்ற அசதி, பொய் யோசிக்கக்கூடத் தெம்பில்லை. "நேத்துச் சாயங்காலம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பன்றி மயிர் ஒட்டியிருந்த தராசு மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நேத்து ரெண்டு வேளைக்குச் சோறு கட்டச் சொன்னாருண்ணே" என்றாள். "வெட்டுறதுக்கு மரம் நெறைய இருக்குன்னு நெனச்சுக் கட்டிக் குடுத்தேன்."