அன்ரி துப்பரவாக்கிய கொட்டில்

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த கடைசி வருடம், என் தலையெழுத்து பண்டத்தரிப்பு என்ற ஊரில் ஒரு மாட்டுக்கொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பின் களப்பயணங்களில் சேரும் சிலந்தித் தகவல்களை வைத்துத்தான் நான் ஆய்வு எழுத வேண்டும். கோடையில் அங்கே போய், எந்தச் சிலந்தி எங்கே வலை கட்டியிருக்கிறது என்று எல்லோரும் கைத்தொலைபேசியில் படமெடுத்தோம். மாரியிலும் அதே கொட்டிலைப் பார்த்துவிட்டால் ஒப்பிடலாம். மழை வந்ததும் பழைய சிலந்திகள் எங்கே போகும்? சோறு தின்னும்போதும் இதே யோசனை.

மாரியில் மறுபடி போனோம். வாசல் படலையடியில் வீட்டுக்கார அன்ரி சிரித்த முகத்தோடு நின்றார். நான் நேரே கொட்டிலுக்கு ஓடினேன். கூரையிலும் மூலைகளிலும் ஒரு நூல்கூட இல்லை.

"வலையெல்லாம் எங்கை அன்ரி?"

"போனமுறை நீங்கள் எல்லாரும் சிலந்தி வலையைத்தானே படமெடுத்தனீங்கள். எனக்கு வெக்கமாப் போச்சு பிள்ளை. நேற்று முழுக்க நிண்டு தும்புத்தடியாலை அடிச்சுத் துப்பரவாக்கிப் போட்டன். இப்ப வடிவா எடுங்கோ."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வடையும் தேத்தண்ணியும் நீட்டிக்கொண்டு நிற்பவரோடு எப்படிக் கோபிப்பது? பக்கத்தில் நின்று சிரித்த சிநேகிதியோடு கோபித்துக்கொண்டேன்.

தேத்தண்ணியை வைத்துக்கொண்டு கூரையை முறைத்தேன். அப்போது எள்ளளவு சிலந்தி ஒன்று நூல் விட்டு இறங்கியது. காற்று தள்ளிவிட்டது. மேலே ஏறி, மறுபடி இறங்கியது. என் அழுகை போன இடம் தெரியவில்லை. வெறுமையான கொட்டிலுக்கு முதலில் வருவது யார்? அதற்கு அடுத்தது யார்? இதையே எழுதலாமே!

எங்களைக் கூட்டிவந்த விரிவுரையாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எழுதலாம். ஆனா இனி ஆரும் கொட்டிலைத் தட்டக்கூடாது. அதை நீர்தான் அவவிட்டைக் கேக்கோணும்."

கேட்டேன். அன்ரியின் முகம் சுருங்கிவிட்டது.

"பட்டிப்பொங்கல் வருது பிள்ளை. மாட்டுக்குப் பொங்கிற நாளிலை கொட்டிலை உப்பிடியே விடேலுமே? சனம் என்ன சொல்லும்?"

நியாயமான கேள்விதான். நாங்கள் புறப்படும்வரை அவர் ஓம் என்று சொல்லவில்லை.

பொங்கல் முடிந்தபின் நாங்கள் மறுபடி போனபோது வீடு முழுக்கப் புது வெள்ளை அடித்திருந்தது. வெள்ளை அடித்த கையோடு கொட்டிலையும் ஒரு தட்டுத் தட்டாமல் விட்டிருப்பாரா? மாடு வேப்பமரத்தடியில் வாடிய மாலையோடு நின்றது. கொட்டில் வாசலில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கியது.

"மாட்டை வேப்பமரத்தடியிலை கட்டித்தான் பொங்கினனாங்கள். வந்த சனத்தின்ரை கண்ணிலை படாமல் இதை மறைச்சு விட்டனான்" என்று சொல்லிக்கொண்டே அன்ரி சேலையை விலக்கினார். நான் அவசரமாக உள்ளே காலெடுத்து வைத்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"குனிஞ்சு போ பிள்ளை. வாசல்லை ஒராள் வீடு கட்டியிருக்கிறா."