தம்பிக்குப் பொருந்திய அக்கா

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவனோடு கிடந்தவள் நான். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு சூரியநெல்லிக்குப் போன அக்கா, எங்கள் ஊர் எலப்புள்ளிப் பக்கம் வந்தே பல வருஷமாகியிருந்தது. எலும்பு மஜ்ஜை கொடுக்க இருவருமே பரிசோதனை செய்துகொண்டோம். முழுதாகப் பொருந்தியது அக்காவுக்குத்தான்.

"ஏனுங்க டாக்டர், கூடவே இருக்கறவ நானுங்க. எனக்கு ஏனுங்க பொருந்துல?"

"ஹெச்.எல்.ஏ.ன்னு சில மரபணுக்கள் இருக்கும்மா. அது உண்டாக்குற புரதம், செல்லுக்குள்ள நுழைஞ்ச கிருமியோட துணுக்கை வெளியே தூக்கிக் காட்டும். அதைப் பார்த்துத்தான் காவல் செல்கள் நம்மாளா, அந்நியனான்னு கண்டுபிடிக்கும். அக்கா, தம்பி ரெண்டு பேருக்கும் அது ஒரே மாதிரி அமைஞ்சிருக்கு. பாசத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

எனக்கு வயிறு எரிந்தது. அக்காவின் பெயரைக்கூடச் சொல்லாத அப்பா, அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். அம்மா அவளுக்கு மட்டும் ஆட்டுக்கால் சூப்பு வைத்தாள்.

மஜ்ஜை கொடுத்த பிறகு தம்பியைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னையப் பாத்ததும் 'சின்னக்கா வல்லியா'ங்கறான். உம்மேல பொறாமையா இருக்குது புள்ள."



தம்பி பிழைத்துக்கொண்டான். அவன் ரத்த வகைகூட இப்போது அக்காவுடையதாக மாறிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. எரிந்துகொண்டே அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறேன். சாப்பிட அவன் இருக்கிறான்.