ஜாதூகர் பூனை

ஃபீனிக்ஸ் பே கடையில் இன்று தேன்மெழுகு மணந்ததும், எப்போதோ இடித்துவிட்ட ஃப்ரீமேசன் ரகசியச் சங்கக் கூடம் நினைவுக்கு வந்தது. ஊரார் அதை ஜாதூகர், மந்திர வீடு, என்பார்கள். உள்ளே ஆட்டின்மேல் சவாரி செய்கிறார்கள் என்று பள்ளியில் சத்தியம் செய்வோம். அதைப் பெருக்கி, பெஞ்சுகளுக்குத் தேன்மெழுகு பூசியது என் அம்மா. கூட்டம் தொடங்குமுன் வாள் பிடித்த காவலர் அம்மாவையும் கூடப்போன என்னையும் வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலிக்கடியில் தூங்கும் பூனையை மட்டும் விட்டுவிடுவார். ரகசியமெல்லாம் அதற்குத் தெரியும் என்று நம்பி நான் மீன்தலை போட்டுவந்தேன்.

சுவரில் படாக் மரத்தில் செதுக்கிய தேன்கூட்டைக் காட்டி, அது எதற்கென்று அம்மா ஒருநாள் சங்கத் தலைவரிடம் கேட்டாள்.

"எல்லாரும் சேர்ந்து உழைக்கணும்ங்கறதுக்கு அடையாளம்மா."

"அச்சா சார், அப்ப இந்த பெஞ்சை அந்தப் பக்கம் பிடிங்க."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காவலர் கதவைத் திறந்தார். நாங்கள் வெளியேறினோம், பூனை உள்ளேயே இருந்தது.